மைக்செட் வாய் மூடியிருந்த ஐந்து வாரம்

ஒரு விஷயத்தை உங்கள் காதோடு காதாகச் சொல்லி, அதே மூச்சில் மூன்று தெருவுக்கும் தெரியப்படுத்தக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் நெய்வேலியில், எங்கள் பிளாக்கில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டிலும் சம்பளச் சீட்டிலும் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவர் மைக்செட். மரியாதை கொடுக்க நினைத்தவர்களுக்கு மைக்செட் அண்ணன்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. அங்கே கத்திப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். மற்றவர்கள் அந்தக் குரலை ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்கும் எடுத்துவந்தார். போதாக்குறைக்குக் காது மந்தம். "அவங்க வம்சமே அப்பிடிதான் சார். மாமனாரு கிட்ட நான் பேசனதே இல்ல, கைய கைய ஆட்டுவேன்" என்பார் அவர் மனைவி அஞ்சலை. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்பது மைக்செட்டின் அசைக்க முடியாத நம்பிக்கை.

ஒரு துக்க வீட்டில் ஓரமாக நின்று, "எப்ப எடுக்கறாங்களாம்?" என்று அஞ்சலையிடம் ரகசியமாகக் கேட்டார். உள்ளே பிணத்தின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மூத்த மருமகள் அழுகையை நிறுத்தி, "நாலு மணிக்குண்ணே" என்று பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காபி வந்த நேரம். மைக்செட் அஞ்சலை பக்கம் சாய்ந்து, "மாப்ளைக்கு அது சொந்த முடி இல்ல போலருக்குதே" என்றார். இரு வீட்டாரும், வாசலில் நின்ற வேன் டிரைவரும் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தார்கள். பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பையனுக்கு அவளைப் பிடித்துப்போனதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். இரண்டு பேருக்கும் நல்ல அடர்த்தியான முடி.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நான் நல்லவன்போல நழுவிவிடலாம். அது முறையல்ல. இந்தக் கதையில் தப்புச் செய்தவன் நான்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். பழைய கோப்புகளைக் கட்டி, எண் போட்டு வைக்கும் பிரிவில் ஜெனரல் ஷிஃப்ட் குமாஸ்தாவாக நெய்வேலியில் காலம் கழித்தவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். எங்கள் தெருவில் எந்தப் பலாமரம் எந்த வருஷம் முதல் காய் விட்டது, எந்த வீட்டுக்கு யார் எந்த மாதம் குடிவந்தார்கள் என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்து எங்கள் பிளாக்கின் வரலாற்றை எழுதிவந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் தெருவில் ஒரு பெயர் இருந்தது, நோட்டு சார்.

வரலாறு எழுத அமைதி வேண்டும். நான் எழுத உட்காரும்போதெல்லாம் மைக்செட் பேச ஆரம்பித்துவிடுவார். எங்களுக்கு நடுவில் ஒரு முழு வீடு காலியாகக் கிடந்தது. ‘தானே’ என்று பெயர் வைத்த புயலில் மாமரம் சாய்ந்து கூரை உடைந்ததால், 2012 ஜனவரியில் அந்தக் குடும்பம் வேறு குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டது. ஒரு வீடு, இரண்டு வேலி, நான்கு சுவர் எல்லாவற்றையும் கடந்து, மைக்செட் வீட்டில் அன்று என்ன குழம்பு என்பது என் வரலாற்றுக்குள் வந்துவிடும். மீன் குழம்பு என்றால் கூடுதல் தொல்லை. மீன் தலைகளை அவர் வேலிக்கு மேல் காலி வீட்டுக்குள் வீசுவார். அதற்குப் பூனைகள் வரும். பூனைகள் வந்தால் பாம்பு வராது என்பது அவர் கட்சி. பாம்பும் வந்தது.

2013 மார்ச்சில் நான் பராமரிப்பு ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

கையெழுத்து தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதினேன். கோரிக்கைகள் இரண்டு. மேற்படி நபரை அழைத்துக் குரலைத் தணிக்க அறிவுறுத்த வேண்டும். அவர் பூனைகளுக்குத் தீனி போடும் காலி வீட்டைக் கதவு, சன்னல் உட்பட அடைத்து மூட வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் நான் சாதாரண அயோக்கியன். நான் ஓர் இணைப்பும் வைத்தேன். சிவப்பு மையில் கோடு போட்டு ஐந்து கட்டம்: வரிசை எண், தேதி, நேரம், இடம், கேட்ட விஷயம். மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள். வரிசை எண் 9, "அஞ்சலை அம்மாளின் பல்வலி." வரிசை எண் 17, "அதிகாலை ஐந்து மணி, கொல்லைப்புறம், தண்ணீர் வராதது குறித்துக் கண்டனம்." வரிசை எண் 23, "பொருள் விளங்கவில்லை, பாட்டாக இருக்கலாம்." இடது கையால் அவ்வளவு நேராகக் கோடு போட முடிந்ததில் எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. எதையும் மறக்காதவன் என்று பெயரெடுத்த நான் அதை மறந்துபோனேன்.

ஜூன் முதல் வாரம், ஒரு மாலை, மைக்செட் காலி வீட்டைச் சுற்றிக்கொண்டு என் வேலி ஓரம் வந்து நின்றார்.

"சார், ஒரு ஒதவி. உங்க காது வேணும்."

நான் எழுந்து போனேன்.

"காலி வூட்ல பூன குட்டி போட்டிருந்துச்சி. தாயி ரெண்டு நாளா காணும். பஸ்ல கிஸ்ல அடிபட்டுடுச்சோ என்னுமோ. குட்டிங்க கத்துதுன்னு அஞ்சல சொல்றா. எனக்குக் கேக்கல. இன்னும் கத்திகினுதான் இருக்குதா, அடங்கிடுச்சா? கேட்டு சொல்லுங்க."

நாற்பத்தொரு தடவை அவரைக் கேட்டுக் குறித்த அதே காதைத்தான் அவர் கடன் கேட்டார். நான் உடைந்த சன்னல் பக்கம் தலையைச் சாய்த்தேன். மெலிதாக, ஆணி கீறுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் வந்தன. எண்ணிப் பார்த்து அவரிடம் மூன்று விரல் காட்டினேன்.

"மூணும் இருக்குதா," என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பலாமரத்திலிருந்து காக்கைகள் எழுந்து போயின.

மூன்றும் காட்டுக்குட்டிகள். மனித வாடையே படாதவை. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட வயசிருக்கும். ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பை வைத்துக்கொண்டு, மயிர் சிலிர்த்து, பாம்புபோலச் சீறின. முதல் நாள் மைக்செட் வாசலில் குந்தி, அவரளவில் மிக மென்மையாக, "பூஸ்... பூஸ்..." என்று கூப்பிட்டார். குட்டிகள் சமையல் மேடைக்கு அடியில் இருந்த பொந்துக்குள் போனவை மறுநாள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் பொந்துக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை கீறல். ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டார்கள். மீதி ஊசிகளுக்கான தேதிகளை நான்தான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தேதி எழுதிக் கொடுப்பது என்றால் நான் யாருக்கும் செய்வேன்.

இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று அவருக்குப் புத்தியில் ஏதோ உதித்தது.

"சார், ஓடற பெல்ட்டுல கைய வுட்டா என்னா ஆவும்?"

"கை போயிரும்," என்று நான் கத்தினேன்.

"அதான். மொதல்ல பெல்ட்ட நிறுத்தணும். நின்னுடுச்சான்னு பாத்துட்டு அப்பறம்தான் கிட்ட போவணும். அதுங்களுக்கு நான்தான் சார் ஓடற பெல்ட்டு. மொதல்ல நான் நிக்கணும்."

நின்றார். அதை நேரில் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சமையலறையில் போய், குட்டிகளுக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு உட்காருவார். வாயில் ஒரு துண்டு. தன்னையறியாமல் குரல் எழும்பிவிடுகிறதா என்று காதால் தெரிந்துகொள்ள முடியாதவர் ஆகையால், வலது கையின் இரண்டு விரல்களைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொள்வார். அதிர்ந்தால் சத்தம், அதிராவிட்டால் மௌனம். முதுகுக்குப் பின்னால் மந்தாரக்குப்பத்திலிருந்து வாங்கி வந்த மீன், முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்தது. தட்டு வைக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் தட்டு தன் பக்கம் நான்கு விரற்கடை நகரும். இன்னொரு கோடு. கோடுகளுக்குத் தேதி போடும் உத்தியோகம் எனக்கு.

"நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவீங்களாமே," என்றார். அப்போது அதில் உள்ளர்த்தம் ஏதும் கிடையாது.

தெரு பயந்துபோனது. பால்காரர் என்னிடம் வந்து, "மைக்செட் அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று விசாரித்தார். அஞ்சலை வேலியருகே நின்று மூக்கை உறிஞ்சினார். "வூட்லயும் பேச மாட்டேங்கறாரு சார். பழகிகினு இருக்காராம். கல்யாணம் ஆனதுலேருந்து சத்தத்துலயே தூங்கிட்டனா, இப்ப தூக்கமே வரல."

எனக்கு நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. சன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, மூன்று குரலும் வருகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் ஒரு சிக்கல் வந்தது. வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். முதல் ஷிஃப்ட் என்றால் மதியமே வந்துவிடுவார். நைட் ஷிஃப்ட் என்றால் மாலையில் வீட்டில்தான் இருப்பார். செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் ஐந்து மணிக்கு அவர் சுரங்கத்தில் இருப்பார். குட்டிகளுக்கு ஷிஃப்ட் கிடையாது. அஞ்சலைக்குப் பாம்பு பயம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்செட் தன் யூனிஃபார்ம் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத போட்டுகினு நீங்க ஒக்காருங்க சார். என் வாட இருந்தா போதும், அதுங்க ஒத்துக்கும்."

என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள்.

"என்னங்க இது, யார் சட்டை?"

"மைக்செட்டோடது."

"துவைச்சதா?"

"துவைக்கக் கூடாது. வாசனை போயிரும்."

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "மீன் வாடை ஆகாதுன்னு இருபத்திரண்டு வருஷமா என்னை வீட்டுக்குப் பின்னால அடுப்பு போட்டுச் சமைக்க வச்சீங்க. இப்ப பூனைக்கு மீன் பிசையுறீங்க. இருக்கட்டும். அந்தச் சட்டையோட மட்டும் உள்ள வராதீங்க."

என்னைவிட இரண்டு மடங்கு அகலமான மனிதரின் சட்டைக்குள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் தட்டில் நக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் சட்டையின் பின்வால் இழுபட்டது. நான் மூச்சை அடக்கினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது மைக்செட்டின் உத்தரவு. கடைக்கண்ணில், வால் நுனி வரை கறுப்பான ஒரு குட்டி, தையல் பிரிந்த நூலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மைக்செட் அவற்றுக்கு நிறத்தைப் பார்த்து ஷிஃப்ட் பெயர் வைத்திருந்தார். செம்பழுப்பு, ஃபர்ஸ்ட். வரி போட்ட சாம்பல், செகண்டு. இந்தக் கறுப்பு, நைட்டு. அன்றைய டைரியில் மணி, நிமிஷம் எல்லாம் இருக்கிறது.

நடுவில் ஒரு விபத்து. என்மேல் இரக்கப்பட்டு அஞ்சலை அந்தச் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்று மூன்று குட்டிகளும் என்னை முன்பின் பார்த்திராதவனைப்போலச் சீறின. தட்டு நான்கு கோடு பின்னால் போனது. மைக்செட்டிடம் விஷயத்தைச் சொன்னபோது வாயில் துண்டு இருந்தது. அஞ்சலை பிழைத்தார்.

ஐந்தாவது வாரம், ஜூலை மாதத்து ஒரு வியாழக்கிழமை. பராமரிப்பு ஆபீஸ் சூப்பர்வைசர் ஒருவர் வந்து காலி வீட்டுக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார். நாங்கள் இருவரும் நின்றிருந்தோம்.

"கம்ப்ளெயிண்ட் வந்திருக்குங்க. பூனை, பாம்பு, நாத்தம்னு. திங்கக்கிழம கதவு, சன்னல், சாக்கட ஓட்ட எல்லாத்தையும் செங்கல் வச்சி அடைக்கப்போறோம்."

"யாரு குடுத்தது?" என்றார் மைக்செட்.

"பேரு இல்லீங்க. ஆனா ரொம்ப வெவரமா எழுதியிருக்காங்க."

அந்த 'வெவரமா'வை அவர் ஒரு மரியாதையோடு சொன்னார். காலுக்குக் கீழே தரை நழுவிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், என் நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு கிழட்டுக் குமாஸ்தா மகிழ்ந்தான். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எத்தினி நாள் வேணும் சார், உங்க நோட்டுப்படி?" என்று மைக்செட் என்னைப் பார்த்தார்.

ஆறு கோடு பாக்கி இருந்தது. திங்கட்கிழமைக்கு நான்கு நாள். அவசரப்பட்டுப் பிடிக்கப்போனால் பொந்துக்குள் போய்விடும். போனால் உள்ளேயே வைத்துச் சுவர் எழும்பிவிடும். வெளியே விரட்டிவிட்டால் தெருநாய்கள் இருந்தன. செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான். ஆபீசுக்குப் போய், அந்தக் கடிதம் நான் எழுதியது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்.

வெள்ளிக்கிழமை சைக்கிளில் போனேன். வழி நெடுக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கவுண்டரில் இருந்தவர், "என்ன விஷயம் சார்?" என்றார்.

"எங்க வீட்டுல தண்ணி சரியா வரல," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கே ஆள் வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி, புதிதாக மாட்டிவிட்டுப் போனார். என் மொட்டைக் கடிதத்துக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்ட இடத்தில், என் பொய் ஒரே நாளில் நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது மைக்செட்டின் மொபெட் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் அவர் வேலி ஓரம் வந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"புதன்கிழம வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க சார்."

"எப்படிக் குடுத்தாங்க?"

"கேட்டேன். குடுத்தாங்க." என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காலி வீட்டுக்குள் போனார்.

புதன்கிழமை காலை பத்து மணி. அவர் லீவு. நானும் லீவு. விண்ணப்பத்தில் 'சொந்தக் காரியம்' என்று எழுதியிருந்தேன். வாசலில் இரண்டு கொத்தனார்கள் கலவை போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். உள்ளே ஒரு அட்டைப்பெட்டி, பக்கவாட்டில் சாய்த்து வைத்தது. அதற்குள் மைக்செட்டின் பனியனும் மீனும். நான் அவருடைய சட்டையில். அவர் என் பக்கத்தில், வாயில் துண்டோடு.

ஃபர்ஸ்ட் சாப்பாட்டு ராமன். நேராகப் பெட்டிக்குள் போய்விட்டது. கால் மணி நேரத்தில் செகண்டும் போனது. மைக்செட் சுவரில் சாய்த்திருந்த அட்டையை மெதுவாக இழுத்து, பெட்டியின் வாயைப் பாதி மூடினார். நைட்டு வரவில்லை. பொந்துக்குள்ளிருந்து ஆணி கீறும் அந்தச் சத்தம் மட்டும் வந்தது. மைக்செட் கண்ணாலேயே என்னைக் கேட்டார், கத்துதா? நான் தலையசைத்தேன்.

"அண்ணே, கலவ காஞ்சிகினு இருக்குது. முடிஞ்சிதா?" என்று வெளியே கொத்தனார் குரல் கொடுத்தார்.

மைக்செட் திரும்பினார். கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் சிவந்தது. எங்கள் தெரு அதுவரை கேட்டிராத ஒரு கூச்சல் அந்தத் துண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

பெரிய கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு மற்றவரிடம், "ஏய், கரண்டிய கீழ வையி. மைக்செட் அண்ணன் வாயத் தொறக்கலன்னா உள்ள ஏதோ உயிர் போற விஷயம்" என்றார். இருவரும் செங்கல் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

நாற்பது நிமிஷம். ஒரு கறுப்பு மூக்கு வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. நைட்டு தட்டைத் தாண்டியது. பெட்டியைத் தாண்டியது. மைக்செட்டின் முழங்காலை முகர்ந்துவிட்டு அதையும் தாண்டியது. என் மடித்த கால்மேல் ஏறி, அந்தப் பெரிய சட்டையின் மடிப்புக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அதன் வயிற்றுக்குள் ஒரு சிறு இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

மைக்செட்டுக்கு அது கேட்காது. தொண்டையிலிருந்த இரண்டு விரலை எடுத்து, குட்டியின் முதுகில் பட்டும் படாமலும் வைத்தார். "ஓடுது," என்பதுபோல என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு துண்டை உருவினார்.

"சார நம்பிடுச்சி," என்றார்.

ரகசியம் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். வாசலில் கொத்தனார்கள் சிரித்தார்கள். தெருக்கோடியில் காய்கறி வண்டிக்காரர் யாரை என்று கேட்டார். நைட்டு அசையவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வீட்டை அடைக்கச் சொல்லி ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தவனின் மடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

நைட்டு எங்கள் வீட்டோடு தங்கியது. மற்ற இரண்டும் மைக்செட் வீட்டில். அவர் குரல் ஒரு வாரத்தில் பழையபடி திரும்பிவிட்டது. நான் மட்டும் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, அந்த வருஷம் சொல்லவில்லை, அடுத்த மூன்று வருஷமும் சொல்லவில்லை. மீன் வாங்கிய நாளெல்லாம் வேலிக்கு மேல் ஒரு பொட்டலம் வரும். "சார், நைட்டுக்கு." வாங்கிக்கொள்வேன். எல்லாத் தேதியும் இருக்கிற என் டைரியில் அந்தக் கடிதம் எழுதிய நாளின் பக்கத்தில் மட்டும் 'வெயில் கடுமை' என்று இருக்கிறது.

2017இல் அவர் ஓய்வு பெற்றார். குள்ளஞ்சாவடி பக்கம் கட்டியிருந்த சொந்த வீட்டுக்குப் போகிறார். முதல் லாரி போய்விட்டது. இரண்டாவது லாரியில் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கையில் ஒரு கடிதத்தோடு போனேன். நேரில் சொல்ல நாக்கு வராது என்று தெரிந்து, இரவெல்லாம் யோசித்து எழுதியது. எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதியிருந்தேன். பொருள்: மன்னிப்புக் கோருதல் தொடர்பாக. பார்வை: எனது கையொப்பமற்ற கடிதம். இந்த முறை வலது கை. முழுக் கையெழுத்து, தேதியோடு.

மைக்செட் அதை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கண்ணாடி மொத லாரில போயிடுச்சி சார். நீங்களே படிங்க."

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படித்தேன்.

"கேக்கல சார்."

கொஞ்சம் உரக்கப் படித்தேன்.

"லாரி சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. நல்லா வாய்விட்டு படிங்க."

வேறு வழியில்லை. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, "பார்வையில் காணும் கடிதத்தை எழுதியவன் நானே," என்று கத்தினேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். எதிர் வரிசையில் இரண்டு கதவு திறந்தது. கட்டிலைத் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். என் மனைவி வாசல் கேட் அருகே வந்து நின்றாள். அவளுக்கும் அது புதுச் செய்தி. என் குரலை அந்த அளவில் அதுவரை கேட்டிராத நைட்டு பலாமரத்தில் ஏறிவிட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க வராது. இணைப்பைப் பற்றியும் கத்தினேன். தண்ணீர்க் குழாயைப் பற்றியும் கத்தினேன். கடைசியில், 'தங்கள் உண்மையுள்ள' என்பது வரை படித்து முடித்தேன்.

தெருவே மைக்செட்டின் பதிலுக்குக் காத்திருந்தது. அவர் பேசினால் எப்படியும் எல்லோருக்கும் கேட்கும்.

மைக்செட் என் அருகே வந்தார். இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டார். குனிந்து என் காதருகே, காற்றுப்போல, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். நான்கு வருஷத்துக்கு முன் பழகியது அவருக்கு மறக்கவில்லை.

"தெரியும் சார். ஆபீஸ்லயே பேப்பர குடுத்துட்டாங்க. கோடு போட்டு மொட்டக் கடுதாசி உங்கள வுட்டா யாரு எழுதுவா?" கொஞ்சம் நிறுத்தினார். விரல் அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டார் போலும். "ஆனா பதினேழாம் நம்பரு தப்பு சார். அன்னைக்கி நான் நைட்டு ஷிஃப்ட்டு. தண்ணி வரலன்னு கத்தனது எங்க மச்சான்."

பிறகு என் தோளைத் தட்டிவிட்டு, பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினார். லாரி திருப்பத்தில் திரும்பும்போது, "நைட்டுக்கு முள்ளு எடுத்துப் போடுங்க சார்" என்றார். அது எல்லோருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து அந்த இணைப்பின் நகலைத் தேடி எடுத்தேன். நகல் வைத்துக்கொள்ளாமல் நான் எதையும் அனுப்பியதில்லை. அந்த வாரத்து ஷிஃப்ட்டை டைரியோடு ஒப்பிட்டேன். அவர் சொன்னது சரி. பதினேழாம் வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். மீதி நாற்பதையும் கிழித்துப் போட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் நடுவில் இருந்த காலி வீடு இடிபட்டு, அவர் வீட்டுக்கு யாரோ ஒரு மெல்லப் பேசும் குடும்பம் வந்துவிட்ட இந்தத் தெருவில், அவர் குரல் இருந்த நாட்களுக்கு என்னிடம் உள்ள ஒரே ஆதாரம் அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.